தாய்மீனுக்கு மஞ்சள்

அவலாஞ்சி,
கார்த்திகை 12

அன்புள்ள அக்கா,

மீன் பண்ணையில் இன்று தாய்மீன்களிடம் முட்டை எடுத்தோம். வழக்கம்போல் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தொட்டிகளுக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்தோம். பண்ணையை நடத்தும் வெள்ளைக்காரத் துரை பார்த்துச் சிரித்தார், தடுக்கவில்லை.

செத்து வெளுத்த முட்டைகளை இறகால் ஒதுக்கும் உன் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். உன் நினைவில் அழுதுவிட்டேன்.

"ஏனம்மிணி, மீன் முட்டைக்கெல்லாமா அழுவாங்க?" என்று செல்லக்கண்ணு அக்கா கேலி செய்தார். பிறகு, "உங்கக்கா ஏன் வரல?" என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் மஞ்சள் தொடக்கூடாது என்று உன் மாமியார் தடுத்ததைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

"இங்க பறிகுடுக்காதவ ஆரு?" என்றார் அவர்.

கடைசித் தொட்டியை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறோம். உன் மாமியாருக்குத் தெரியாமலாவது வா.

உன் தங்கை