இழுத்துப் பிடித்த டேப்

ஹெப்பாள், மைசூரு

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். மஸ்கட்டில் உங்கள் அறையில் தங்கியிருக்கும் மஞ்சுநாத் லீவு முடிந்து திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் என்றால் பாதியிலேயே "சரி, வை" என்பீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீங்கள் ஏன் வீடியோவில் வருவதில்லை என்று கேட்கிறார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "நம்ம பையன் என் மூஞ்சியவே பாக்கறதில்ல, அப்பறம் எதுக்குப் போன்?" என்று நீங்கள் சொன்னதை அவர்களிடம் சொல்லவில்லை.

நம் கவினின் பயிற்சி பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்கும் தீபா மேடம் இவ்வளவு நாளாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்: எதற்காக இவன் இன்னொரு மனிதரிடம் வருவான்? அது கிடைக்காமல் வேறெதையும் கற்றுக்கொடுக்க முடியாதாம். சோப்புக் குமிழி, மணி, விளக்கு எரியும் பம்பரம் எல்லாம் வைத்துப் பார்த்தார். பம்பரத்தை இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்கட்டுக்கு மட்டும் வந்தான், வாங்கிக்கொண்டு சுவரோரம் போய்விட்டான். "பிஸ்கட் பேக்கு, நாவு பேடா" என்று தீபா சிரித்தார். பிஸ்கட் வேண்டும், நாம் வேண்டாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயுத பூஜைக்குப் பரணிலிருந்து உங்கள் தச்சுக் கருவிப் பையை இறக்கினோம். நீங்கள் இல்லாவிட்டாலும் கருவிகளுக்குப் பூஜை நிற்கக் கூடாது என்று அத்தை சொன்னார்கள். உளி, ரம்பம், இழைப்புளி, அளக்கும் ஸ்டீல் டேப் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு வரிசையாக வைத்தோம். கவின் நேராக வந்து டேப்பை எடுத்தான். "கைய வெக்காதடா, சாமி குத்தமாயிரும்!" என்று அத்தை பிடுங்கி வைத்துவிட்டார்கள். விஜயதசமி வரை கருவியைத் தொடக் கூடாதல்லவா. அன்று முழுக்க அழுதான். தெருவில் பூசணிக்காய் உடைத்த சத்தத்தில் மிரண்டிருக்கிறான் என்று நாங்களே முடிவு செய்து, கதவைச் சாத்தி, காதைப் பொத்தி, விபூதி பூசினோம். மறுநாள் பையைப் பரணில் ஏற்றியதும் இன்னொரு முறை அழுதான். அப்போதும் எங்களுக்குப் புரியவில்லை.

தசரா லீவு முடிந்து பயிற்சிக்குப் போனபோது, வீட்டில் எதற்காவது அடம் பிடித்தானா என்று தீபா கேட்டார். டேப் விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, அதைக் கொண்டு வராம என்ன மாடிட்டிருந்தீங்க?" என்றார். அவருடைய 'மாடி', நம் 'பண்ணி'.

கொண்டு போனேன். கையைக் கிழிக்காமல் இருக்க ஓரங்களில் பிளாஸ்டர் ஒட்டினார். ஒரு முழம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். கவின் டேப்பைப் பார்த்தான். அவர் கையைத் தள்ளினான். அவர் விடவில்லை. வெகுநேரம் கழித்து நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான். உடனே விட்டார். டேப் சர்ரென்று உள்ளே ஓடியது. கவின் சிரித்தான். சுவரோரம் போகவில்லை. அவர் கையை எடுத்து மறுபடி டேப்பின் மேல் வைத்தான்.

பேச்சு இன்னும் வரவில்லை. இல்லாததை எழுத மாட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது உங்கள் வீடியோ அழைப்புகள் நினைவுக்கு வந்தன. நீங்கள் வேலையிடத்திலிருந்து அப்படியே வருவீர்கள், இடுப்பு பெல்ட்டில் இதே மாதிரி இன்னொரு டேப் தொங்கும். போனில் அந்த டேப் தெரியும் அடிப்பக்கமே கதியாகக் கவின் குனிந்திருப்பான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் உங்களைத்தான் தேடினான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது. டேப்பைத் தேடினான், அவ்வளவுதான் தெரியும். முன்பு நீங்கள் வேலை விட்டு வந்து அதைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் கேட்டால் அறையிலிருந்து ஓடி வருவான், அதுவும் தெரியும்.

டேப் இப்போது தீபாவின் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடைத்தால் அதன்மேல் ஆசை போய்விடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். டேப்பை இடுப்பில் வைக்காமல் முகத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இழுத்து நிறுத்துங்கள். அவன் நிமிர நேரமாகும். அதுவரை கையையும் முகத்தையும் எடுக்காமல் இருங்கள்.

மாதேஸ்வரன் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். போனை முழுச் சார்ஜில் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தமிழ்ப்ரியா