அடுத்த ஊர்க் கிளினிக்

மச்சி, என் வீட்டில் நீங்கள் தொலைத்த கறுப்புக் கண்ணாடி அகப்பட்டுவிட்டது. பெருநாளைக்கு வீடு கழுவ அலுமாரியை நகர்த்தினால், பின்னால் தூசிக்குள் குப்புறக் கிடக்கிறது. கண் ஒப்பரேஷன் செய்தவர்களுக்குக் கொடுக்கிற, பக்கங்களும் மூடின அந்தப் பெரிய கண்ணாடி. துடைத்து நானே மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சிரித்தேன். நல்லவேளை, வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் என் அடுத்த கிளினிக் திகதி எப்போது என்றுதான் முதலில் பார்த்திருப்பார்கள்.

உங்கள் கண்ணுக்கு எந்தக் காலத்திலும் ஒரு குறையும் இருந்ததில்லை. தெரு முனையில் வருகிறவர் என்ன மீன் வாங்கி வருகிறார் என்று வாசலில் நின்றே சொல்வீர்கள். உங்கள் மாமியாருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீங்கள் அக்கரைப்பற்று பஸ் ஏறியது, நம் சாய்ந்தமருதில் ஒருவரும் உங்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக. அதே காரணத்துக்காக நான் மகளுடைய நிகாபால் முகத்தை மூடிக்கொண்டு வேறொரு பஸ்ஸில் போனேன். பழக்கமில்லாத சாமான், நிந்தவூர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது.

கல்முனையில் மனநலக் கிளினிக் இல்லாமலா அவ்வளவு தூரம் போனோம்? நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அதுதான் வில்லங்கம். நடந்து போனால் ஊர் பார்க்கும். ஊர் பார்த்தால், குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மாப்பிள்ளை வராது. என் கணவர் மௌத்தாகிய பிறகு எனக்கு நித்திரை போயிற்று, பசி போயிற்று, கடைசியில் மகளுடன் கதைக்கிற மனமும் போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். மௌலவி தண்ணீர் ஓதித் தந்தார். பரிசாரி எண்ணெய் காய்ச்சித் தந்தார். யாருக்கும் தெரியாமல் நானாகத்தான் அக்கரைப்பற்றுக்குப் போய் டொக்டரிடம் குளிசை வாங்கத் தொடங்கினேன். கேட்டவர்களுக்கெல்லாம் மாமி வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

அன்றைக்கு கிளினிக்கில் ஒருவன் வரிசையைக் குறுக்கே வெட்டி முன்னால் போய் நின்றான். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாதே. "தம்பி, பின்னால போய் நில்லுங்க. இங்க நிக்கிற ஆக்களெல்லாம் சும்மாவா நிக்கிறாங்க?" என்று வகுப்பறைக் குரலில் அதட்டிவிட்டேன். முன் வாங்கில் இருந்த கறுப்புக் கண்ணாடி மெதுவாகத் திரும்பியது.

"முகத்த மூடினீங்க, குரல மூட மறந்துட்டீங்களே டீச்சர்" என்றீர்கள்.

"நான் பல்லுக்கு வந்தன்" என்றேன்.

"பல்லுக் கிளினிக் அந்தப் பக்கம். எனக்குத் தெரியும், போன மாசம் நானும் பல்லுக்குத்தான் வந்தன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப் பார்த்தார். நம் ஊரைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "எங்கட ஊர்ச் சனம் கல்முனைக்குப் போகுது, உங்கட ஊர்ச் சனம் இங்க வருது. பஸ்காரருக்குத்தான் நல்ல காலம்" என்றார். தூணுக்குப் பின்னால் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவரும் நம் தெருதான் என்று நீங்கள் என் காதுக்குள் சொன்னீர்கள். என் கணவர் போன பிறகு எனக்கு வாய்விட்டு வந்த முதல் சிரிப்பு அது. இப்போதும் அதற்காக உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் திரும்பி வரும்போது இருவருக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த நேரம் உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் கலியாணம் பேச்சில் இருந்தது. ஒரு குறையும் இல்லாத குடும்பம் என்று தரகர் இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தார். ஒன்றாய் வந்து இறங்கினால் ஊர் கேள்வி கேட்கும் என்று நிந்தவூரில் இறங்கி ஆளுக்கொரு பஸ் பிடித்தோம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள்.

மறுநாளே நீங்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். நான் தேத்தண்ணி போடுவதற்குள் விஷயத்துக்கு வந்தீர்கள்.

"டீச்சர், இத மறைச்சு வைக்கேலாது."

"கலியாணம் முடியும்வரைக்கும் வாயப் பொத்திட்டு இரிப்பம். மறுகா பாத்துக்கொள்ளலாம்" என்றேன்.

"மறுகா என்னத்தப் பாக்கிற? என்ட மகன் வந்து இரிக்கப்போறது உங்கட வீட்டில. ஒரே கூரைக்குக் கீழ இரிந்துகொண்டு எத்தின நாளைக்கு ஒளிச்சு ஒளிச்சுக் குளிசை குடிப்பீங்க? அவன் கண்டுட்டு என்னத்த நினைப்பான்?"

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவருவது. அந்த வழக்கத்தை நான் இப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் மகளின் வாழ்க்கை, மச்சி. வாப்பா இல்லாத பிள்ளை. வாப்பாவின் இடத்தில் நின்று கலியாணத்தைப் பேசி முடிக்க வேண்டியவர் என் கூடப்பிறந்த காக்கா. மீன் வாடிக்காரர், கோபம் வந்தால் கடலுக்கே கேட்கும். அவருக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவார் என்று உங்களிடம் கெஞ்சினேன். நீங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "உங்கள நான் சொல்லமாட்டன். என்ன நான் சொல்லுவன்" என்று எழுந்து போனீர்கள்.

பேசி முடிக்கிற நாள் வந்தது. கூடத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள், நடுவில் சீலை. சஹன் தட்டுகளில் சோறு வந்து, கை கழுவத் தண்ணீரும் வந்துவிட்டது. தரகர் வழக்கம்போல, "பேச இன்னும் ஏதும் கிடக்கா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்கிற கேள்வியா அது? நீங்கள் சீலைக்கு இந்தப் பக்கமிருந்து, "கிடக்கு" என்றீர்கள்.

"எனக்கு மனநோய் இரிக்கி. கன காலமா குளிசை குடிக்கிறன். குடிச்சா நல்லா இரிக்கிறன். மாப்பிள்ளட உம்மா ஆர் எண்டு தெரிஞ்சுதான் நீங்க பொண்ணு தரணும்."

சோற்றில் கை வைத்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். காக்காவின் குரல் வந்தது. "நாங்க இப்பிடி எடத்தில சம்பந்தம் செய்ற ஆக்கள் இல்ல. எங்கட குடும்பத்தில இந்த வருத்தம் ஒருத்தருக்கும் இல்ல!"

நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. என் மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "காக்கா, எனக்கும் இரிக்கி" என்றேன்.

"நீ சும்மா இரி!" என்றார் அவர். "உனக்குப் புருசன் போன கவல. இது வருத்தமா? நம்மட ரத்தத்தில இதெல்லாம் இல்ல."

அப்போதுதான் மதினி வாயைத் திறந்தா. காக்காவுடன் குடும்பம் நடத்திய இத்தனை காலத்திலும் உரத்துக் கதைத்து அறியாத மனுஷி. "அப்ப உங்கட தலகாணிக்குக் கீழ கிடக்கிற குளிசை ஆர்ர?" என்று கேட்டா.

"அது... அது பிரஷருக்கு."

"பிரஷருக்கு மட்டக்களப்புக்கா போறீங்க?"

முதலில் நம் பக்கத்தில் யாரோ முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பிறகு சீலைக்கு அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. கடைசியாகக் கேட்டது காக்காவின் சிரிப்பு. அது சிரிப்பா இருமலா என்று இன்றைக்கும் மதினிக்குச் சந்தேகம். மௌலவி தொண்டையைச் செருமி, "சோறு ஆறுது, ஓதுவமா?" என்றார். கலியாணம் பேசி முடிந்தது.

அன்று பின்னேரம் மகள் என்னிடம், "நீங்க மாமி வீட்ட எண்டு போறது எங்க எண்டு எனக்கு எப்பயோ தெரியும் உம்மா. நீங்களாச் சொல்லுவீங்க எண்டுதான் இரிந்தன்" என்றாள். யாருக்காக ஒளித்தேனோ அவளுக்கே தெரிந்திருந்தது. இதற்குத்தான் அந்த நிகாபும் மூச்சு முட்டலும்.

அதற்குப் பிறகு நீங்கள் அடங்கியிருக்கவில்லை. என்னையும் காக்காவையும் சேர்த்துக்கொண்டு கல்முனைக் கிளினிக்குக்கே பகல் வெளிச்சத்தில் நடத்திக் கொண்டுபோனீர்கள். சுகாதாரக் கந்தோர்க்காரர்கள் விழிப்புணர்வுக் கூட்டம் என்று பேனர் கட்டினால், "பேனரக் கண்டா நம்மட சனம் அடுத்த தெருவால போகும்" என்பீர்கள். உங்கள் வழி வேறு. மருதமுனை நெசவு வீடு, வரிப்பத்தான்சேனையில் அறுவடை முடிந்த வீடு, எங்கே விருந்தென்றாலும் போவீர்கள். நன்றாகச் சாப்பிடுவீர்கள். சாப்பிட்டு முடிந்ததும் கைப்பையைத் திறந்து, "மகள், கொஞ்சம் தண்ணி தாங்க. மனசுக்குக் குளிசை குடிக்கணும்" என்று, தலையிடிக்குக் கேட்பதுபோலக் கேட்பீர்கள். அவ்வளவுதான். திரும்பும்போது வீட்டுக்காரி வாசல் கேற் வரை வந்து, யாருக்கும் கேட்காமல், கிளினிக் எந்த நாள் என்று விசாரிப்பாள்.

மௌலவியையும் விட்டுவைக்கவில்லை. அவர் கொஞ்சம் முகம் சுளித்தபோது, "நீங்க ஓதித் தாற தண்ணியிலதான் நான் குளிசையக் குடிக்கிறன், ரெண்டும் சேந்துதான் சுகம் வருது" என்றீர்கள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஓதிப்பார்க்க வருகிறவர்களிடம் டொக்டரையும் ஒருக்கால் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினார்.

கானாவில் கார்மென்ட் வேலைக்குப் போன உங்கள் இளைய மகன் போனில் சொன்னானே, நினைவிருக்கிறதா? அவன் இருந்த ஊரில் முதலில் தொழுகைக்கும் ஜெபத்துக்கும் கொண்டுபோவார்களாம், ஆஸ்பத்திரி என்றால் யாரும் காணாத தூரத்து ஊருக்குப் போவார்களாம். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அங்கயும் பல்லுக்குத்தானா போறாங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சனத்துக்கும் சேர்த்து துஆ செய்தீர்கள்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. உங்களைக் கலியாணத்துக்குக் கூப்பிடாமல் விட்ட வீடுகள் இருந்தன. அன்றைக்கெல்லாம் நீங்கள் சமைக்கவில்லை. சுகம்தானே என்று ஒரு தடவை நீங்களே குளிசையை நிறுத்தி, சந்தோஷம் தலைக்கேறி, தெருவிலுள்ள ஆண்களுக்கெல்லாம் மருதமுனைச் சாரம் வாங்கிக் கொடுத்ததும் நடந்தது. இரவும் பகலும் நீங்கள் கதைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். உங்களை கிளினிக்குக்குக் கூட்டிப் போனது நானும் காக்காவும்தான். தெளிந்து வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சாரம் சாயம் போகாததுதானே?" காக்கா அதைத்தான் இப்போதும் உடுக்கிறார்.

பிறகு ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டீர்கள். உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்: எனக்குப் பழைய சுவர் திரும்ப வந்தது, மச்சி. சோறு இறங்கவில்லை. நித்திரை போயிற்று. ஆனால் இந்த முறை யாரும் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. நானே வெறும் முகத்தோடு நம் தெரு வழியே நடந்து போனேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன். டொக்டரிடம், "என்ட மச்சி மௌத்தாப்போனா, எனக்கு ஏலாம இரிக்கி" என்றேன். அவர் குளிசையைக் கூட்டித் தந்தார். வாரத்துக்கு ஒருமுறை வந்து கதைக்கச் சொன்னார். மெல்ல மெல்லச் சோறு இறங்கிற்று.

இப்போது நன்றாக இருக்கிறேன். உங்கள் மகன் என் வீட்டில்தான் இருக்கிறார். குரல் அப்படியே உங்களுடையது. மஃரிபு தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, கேற்றில் நின்றபடி, "மாமி, குளிசை குடிச்சிட்டீங்களா?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். அந்த நேரம் தெரு முழுக்கச் சனம். முன் வீட்டில் விருந்தாட்கள் கூட இருப்பார்கள்.

"ஓம் மகன், குடிச்சிட்டன்" என்று அவருக்கு மேலால் சத்தம் போட்டுச் சொல்கிறேன்.