இடது மணிக்கட்டு

2007 ஆகஸ்ட் 14, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் இன்று ஆபிரிக்கா. தேசப்படம் மாட்டும் ஆணி கழன்று ஒரு மாதமாகிறது, அதிபருக்குச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. இடது கையால் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் நைல் நதியைக் காட்டினேன். கெய்ரோ வருமுன் இடது கை விழுந்துவிட்டது. நோவு என்று சொல்ல முடியாது. கைக்குள் இருந்த ஏதோ வடிந்து போனது மாதிரி. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தலை பின்னும்போதும் இப்படித்தான். மூன்று தரம் கையை மடியில் வைத்து ஆற விட்டுத்தான் பின்னி முடிக்கிறேன். பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல், மூட்டுகளில் நோவு. நாற்பது தாண்டினால் இதெல்லாம் வரும் என்கிறாள் பக்கத்து வகுப்பு நேசமலர். அவளுக்கும் நாற்பத்து மூன்றுதான். அவளுக்கு ஏன் வரவில்லை?

ஆகஸ்ட் 22, புதன்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எழுதினால் மனம் அடங்கும்.

கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் விட்டு வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களுக்குத் தனி வரிசை. சோதித்த ஆமிப் பிள்ளைக்கு இருபது வயது இருக்குமோ தெரியாது. "அத உஸ்ஸன்ன" என்றாள். இரண்டு கையையும் உயர்த்தினேன். இடது கை தானாக இறங்கியது. மறுபடி உயர்த்தச் சொன்னாள். மறுபடி இறங்கியது. மூன்றாம் தரம் அவள் ஓரடி பின்னுக்குப் போய் மற்றவளைக் கூப்பிட்டாள். சட்டைக்குள் எதையோ அமர்த்திப் பிடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

படங்குக் கொட்டிலுக்குள் நாற்பது நிமிடம். சேலையைக் களைந்து பார்த்தார்கள். எனக்குச் சுகமில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். "மொன லெடத?" என்று கேட்டாள், என்ன வருத்தம் என்று. அவள் கேட்டது நியாயமான கேள்விதான். சொல்வதற்கு ஒரு பெயர் என்னிடம் இருக்கவில்லை.

அப்படியே டொக்டர் சிவபாதசுந்தரத்தின் டிஸ்பென்சரிக்குப் போனேன். பிரஷர் 178/106. நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பிள்ளை, உமக்கு வருத்தமில்லை. வருத்தம் நாட்டுக்கு." ஒரு குளிசை எழுதித் தந்தார்.

செப்டெம்பர் 3, திங்கள்

ரொறன்ரோவிலிருந்து தம்பி பிரஷர் பார்க்கும் மெஷின் அனுப்பியிருக்கிறான். மணிக்கூடு மாதிரி மணிக்கட்டில் கட்டுவது. சிறு புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரி இடது கையில் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். நானும் அப்படியே கட்டினேன். 98/62.

இவர் இரண்டு தரம் பார்த்தார். "பாரும் ஜெகா, வீட்டிலை இருந்தா உமக்கு ஒண்டுமில்லை." பிறகு தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு என்னைவிடக் கூட என்று பெருமைப்பட்டார்.

செப்டெம்பர் 17, திங்கள்

இரண்டு கிழமைக் கணக்கையும் கொப்பியில் அட்டவணை போட்டு டொக்டரிடம் கொடுத்தேன். காலை, மாலை, திகதியோடு. ஒருநாளும் நூறைத் தாண்டவில்லை. அவர் பார்த்தபோது 182. "என்னைக் கண்டும் பயமோ?" என்று கேட்டார். இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற நோயாளியைத் தான் கண்டதில்லையாம். வீட்டில் இவ்வளவு குறைவாக இருக்கும்போது குளிசை கூடிப்போனால் மயங்கி விழுவேன் என்று பாதியாகக் குறைத்தார்.

சந்தோஷமாகத்தான் வந்தேன். பிறகு ஏன் தலையணையில் காது வைத்தால் கழுத்துக்குள் இடிக்கிறது?

செப்டெம்பர் 29, சனி

இரத்தச் சோதனையில் ஈ.எஸ்.ஆர். 96. இருபதுக்குள் இருக்க வேண்டுமாம். சயரோகமோ என்று நெஞ்சுப் படம் எடுத்தார்கள். தெளிவு. மூட்டுவாதச் சோதனையும் இல்லை என்று வந்தது. ஒரு பெரிய ஸ்பெஷலிஸ்டைக் காசு கட்டிச் சனல் பண்ணிப் போனோம். எனக்கு இலக்கம் 34, உள்ளே நின்றது நாலு நிமிடம். என் கையைத் தொடவில்லை. பிள்ளைகள் இருக்கா என்று கேட்டார், இல்லை என்றேன். சொந்த இடம் கேட்டார், யாழ்ப்பாணம் என்றேன். தலையை ஆட்டினார். இந்த நிலைமையில் உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இப்படித்தான் என்று ஆங்கிலத்தில், இரக்கமாகவே சொன்னார். நித்திரைக் குளிசை.

பயத்துக்கு ஈ.எஸ்.ஆர். ஏறுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் 35ஆம் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 11, வியாழன்

கரும்பலகையில் மேலே திகதி எழுத அண்ணாந்தேன். இடது கண்ணில் யாரோ திரையை இழுத்துவிட்டது போல் இருண்டது. பத்து எண்ணும் வரை இருந்தது. பிறகு விலகியது. திரும்பி நின்று பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பயம் என்பார்கள். பயப்படுகிறேன்தான் — இந்த ஊரில் யார் பயப்படவில்லை? ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிற வெள்ளை வான் மெல்லமாகப் போனால் லேனில் எல்லா யன்னலும் மூடுகிறது. ஆனால் பயம் ஒரு கையில் மட்டும், ஒரு கண்ணில் மட்டும் வருமா?

அக்டோபர் 20, சனி

இன்று கௌரி விரதம் தொடக்கம், புருஷனுக்காகப் பிடிப்பது. இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு. இவர் வேண்டாம் என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து விட்டதில்லை, இந்த வருடம் விட்டால் என்ன நினைத்து விட்டேன் என்று ஆகிவிடும் என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

நவம்பர் 2, வெள்ளி

45 கிலோ. விரதத்தால் என்கிறார்கள். விரதத்துக்கு முதலே சேலை இடுப்பில் நிற்கவில்லை.

நவம்பர் 9, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும். ஒன்றும் விடக்கூடாது.

காலை கோயிலில் விரதம் முடித்துக் காப்பு நூல் கட்டினேன். ஆண்களுக்கு வலது, பெண்களுக்கு இடது. மஞ்சள் ஈரத்தோடு இருபத்தொரு முடிச்சு, மணிக்கட்டில் தடிப்பாக நிற்கிறது. பின்னேரம் பிரஷர் பார்க்க உட்கார்ந்தேன். காப்புக்கு மேல் அந்தப் பட்டியைப் போட்டு இறுக்க மனம் வரவில்லை. வலது கையில் கட்டினேன்.

196/112.

மெஷின் பழுது என்று நினைத்தேன். இவரைக் கூப்பிட்டுக் கட்டினேன். 124/80. மறுபடி என் வலது கை. 194. விரதம் முடித்த சாப்பாட்டில் உப்புக் கூடிப்போச்சு என்றார் இவர். இருக்கலாம் என்று அரை மணித்தியாலம் படுத்திருந்துவிட்டுப் பார்த்தேன். 196.

பிறகுதான் காப்பை முழங்கைப் பக்கம் மெல்ல ஏற்றிவிட்டு இடது மணிக்கட்டில் கட்டினேன். 94/58.

வலது. இடது. வலது. இடது. ஆறு தரம். இவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதென்ன ஜெகா இது" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதமாக நான் எழுதியது எந்தக் கையை? அந்தக் கொப்பியைப் பார்த்துத்தானே குளிசையைக் குறைத்தார். திகதி போட்டு, கோடு கீறி, பொய்யை எழுதிக் கொண்டுபோய் நானே நீட்டியிருக்கிறேன். கடவுளே, நான் என்ன செய்து வைச்சிருக்கிறன்.

நவம்பர் 10, சனி

டிஸ்பென்சரி திறக்குமுன் போய் நின்றோம். டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. கொப்பியை மேசையில் வைத்தேன். அவருடைய மேசை சுவரோடு ஒட்டினது, மற்றப் பக்கம் மருந்து அலுமாரி. அந்த ஸ்டூலில் யார் இருந்தாலும் வலது கைதான் அவர் பக்கம் வரும். பத்து வருடமாக அதில் இருக்கிறேன், இன்றைக்குத்தான் கண்டேன்.

அவர் எழும்பிச் சுற்றி வந்து என் இடது கையைப் பிடித்தார். காப்பை ஒதுக்கி விரல் வைத்துத் தேடினார். இடம் மாற்றித் தேடினார். வெளியே யாரோ இருமினார்கள். பிறகு குழாயைக் கழுத்தின் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டார். இடது பக்கத்தில் நிறைய நேரம்.

"பிள்ளை, இந்தக் கையிலை நாடி இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருநாளும் நான் இந்தக் கையைப் பிடிச்சுப் பாக்கேல்லை. நாப்பத்தொரு வருசம் டொக்டர்." குளிசையை முன்பு இருந்ததைவிடக் கூட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். எழுதும்போது நான் எழுத்தைப் பார்க்காமல் அவருடைய கையைப் பார்த்தேன்.

நவம்பர் 19, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், சிங்களவர். இரண்டு கை, இரண்டு கால், கழுத்து, வயிறு எல்லாம் தொட்டுப் பார்த்தார். கண்ணைப் பற்றிக் கேட்டபோது இவருக்கு முன்னால் சொல்ல வேண்டி வந்தது. இவர் என்னைப் பார்க்கவில்லை.

உடம்பு தன்னுடைய பெரிய இரத்தக் குழாய்களையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். குழாய்ச் சுவர் தடித்து வழி ஒடுங்குகிறது. இடது கைக்குப் போவது அடைத்துவிட்டது, அதனால் அங்கே குறைவு. உண்மையான பிரஷர் வலது கையில் தெரிவதுதான். கழுத்தில் மூளைக்குப் போகும் குழாயும் சேர்ந்திருக்கும் என்று சந்தேகிக்கிறார். பெயர் சொல்லவில்லை. சாயம் விட்டுப் படம் எடுத்து உறுதியாக்கினால்தான் ஸ்டீரோய்ட் தொடங்கலாம், பெரிய அளவில் கொடுக்க வேண்டிய மருந்து, ஊகத்தில் கொடுக்க முடியாது என்றார். டிசம்பர் 3, காலை எட்டு மணி. அந்தத் திகதியை மட்டும் விடவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார்.

டிசம்பர் 2, ஞாயிறு

காலையில் சுற்றிவளைப்பு. தொடர்மாடி முழுக்கத் தட்டினார்கள். பொலிஸ் பதிவு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, வேலைக் கடிதம் இருக்கிறது. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சேர்ட் பொத்தான் பூட்டக்கூட விடவில்லை.

பின்னேரம் வரை பொலிஸுக்கு முன்னால் பெண்களோடு நின்றேன். நாளைக்கு விசாரிப்பார்களாம். வீட்டுப் பதிவின் மூலப்பிரதியோடு வீட்டு ஆள் யாராவது வரவேண்டுமாம். நாளைக்கு. எத்தனை மணிக்கு என்று ஒருவருக்கும் தெரியாது.

கீழ் வீட்டு நளீபா படியேறி வந்தாள். "டீச்சர், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தப் பேப்பரத் தாங்க, புவாத் ஸ்டேஷன்ல நிப்பாரு. அவருக்கு அங்க ஆக்களத் தெரியும்." அவளுடைய மனுஷன் போவார்தான். நல்ல மனிதர். ஆனால் இவருடைய பெயரை, 'யோகநாதன்' என்று கூப்பிடும்போது நான் நிற்காவிட்டால்? அந்தப் பெயருக்கு ஆளில்லை என்று வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டால்?

இன்னும் முடிவெடுக்கவில்லை. ஏன் பொய் எழுதுகிறேன், எடுத்தாச்சு.

டிசம்பர் 3, திங்கள்

போகவில்லை. எட்டு மணிக்கு வரிசையில் நின்றபடி மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதுக்கும் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

டிசம்பர் 5, புதன்

இவர் நேற்று மத்தியானம் வந்தார். இரண்டு நாளும் நிலத்தில் இருந்ததால் முதுகு பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. நான் நீட்டிய வீட்டுப் பதிவை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தந்தார்கள். புவாத் கொண்டுபோயிருந்தாலும் பார்த்திருப்பார்கள்.

படத்துக்குப் போனேனா என்றுதான் முதலில் கேட்டார். புதுத் திகதி ஜனவரி 7 என்றேன். அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

டிசம்பர் 13, வியாழன்

குளிசை கூட்டியும் வலது கையில் 170. காலையில் எழும்பும்போதே பிடரியில் இடி. வகுப்பில் 'மழைவீழ்ச்சி' என்ற சொல் வாயில் வரவில்லை. பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள்.

2008 ஜனவரி 21, திங்கள்

இடது கையால். இரண்டு வரிக்கு மேல் ஏலாது.

ஜனவரி 22

டிசம்பர் 14 காலை குசினியில் விழுந்தேன். வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு மெல்ல வருகிறது.

ஜனவரி 24

விழுந்தவளுக்குத் திகதி தேவையில்லை. அன்றைக்கே கட்டில் தந்தார்கள், மூன்றாம் நாள் படமும் எடுத்தார்கள்.

ஜனவரி 25

வருத்தத்துக்கு ஒரு யப்பான்காரரின் பெயர். டக்கயாசு. டொக்டர் சிவபாதசுந்தரம் பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார்.

ஜனவரி 29

ஸ்டீரோய்டில் முகம் ஊதிவிட்டது. ஈ.எஸ்.ஆர். 31. இவர் என் தலையை இழுத்துப் பின்னுகிறார். "ஆடாதையும் ஜெகா." ஆடுவது அவர் கை.

பெப்ரவரி 6, புதன்

முன்கூட்டிய ஓய்வு கேட்டுக் கொடுத்த கடிதத்தை நேசமலர் திருப்பிக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் பழையதோடு பொருந்தவில்லையாம். பெருவிரல் அடையாளம் போதுமாம்.

எந்தக் கை என்று எழுதியிருக்கவில்லை. நேசமலர் மைப்பெட்டியைத் திறந்து கொண்டு நின்றாள். வலது விரலை இவர் நிமிர்த்திப் பிடித்தார். வேண்டாம் என்றேன். இடதை வைத்தேன்.