மஃப்ளர் கட்டிய இடம்

வியன்னா, 19 அக்டோபர் 1996

அன்பு மகள் ரோஸ்வித்தாவுக்கு அம்மா எழுதுவது. முட்டிவலி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் மாமியார் கிராசியேலாவை நேற்று விமானம் ஏற்றிவிட்டேன், எட்டு நாளும் ஊரைச் சுற்றிக் காட்டியாயிற்று. ஆனால் ஊர் பார்க்க மட்டுமா அனுப்பினாய்? பிரசவத்துக்கு நான் சிலிக்கு வந்து ஆறு மாதம் இருப்பேனா மாட்டேனா என்று பதில் வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய், கெட்டிக்காரிதான். அவர் தினம் காலையில் கேட்டார், நான் தினம் வேறு பேச்சுக்குத் தாவினேன். பயமடி எனக்கு. சால்ஸ்பர்க்கைத் தாண்டாமலே அறுபத்தெட்டு வயதாகிவிட்டது. இங்கே போகிற இடத்திலெல்லாம் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது, அங்கே எந்த மூலையில் போய் நிற்பேன் என்றுதான் யோசனை.

மார்ச்சில் உன் நாத்தனார் வரப்போகிறாளாமே, அவளுக்கு இதையெல்லாம் சொல்லி வை. ஷோன்புருன் அரண்மனைக்குப் பத்து மணிக்குப் போனால் வரிசையில் நின்றே கால் வீங்கிவிடும், விடிந்ததும் போய்த் தோட்டத்தில் நடந்துவிட்டு, கதவு திறந்த உடனே உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஸ்டெபான் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு முந்நூற்று நாற்பத்து மூன்று படி, சம்பந்தியம்மா ஏறினார், நான் கீழே உட்கார்ந்து அவர் கைப்பையைப் பார்த்துக்கொண்டேன். சுற்றுலாப் பேருந்து எதுவும் வேண்டாம், ஒன்றாம் எண் டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரிங் வீதி முழுவதையும் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். காபிக் கடையில் ஒரே ஒரு காபியோடு நாள் முழுக்க உட்காரலாம், பரிமாறுகிறவர் சிடுசிடுத்தால் கோபம் என்று நினைக்கக் கூடாது, அவர்கள் சுபாவம் அப்படி. சம்பந்தியம்மா கொஞ்சம் சீக்கிரம் என்று கேட்டதற்கு, அங்கே பரிமாறுகிற நம் ஆல்வின், "காப்பிதானேம்மா, ரயிலா புடிக்கப் போறீங்க" என்றார்.

கடைசி நாள் ஓபராவுக்கு, நின்றபடி பார்க்கிற மலிவு டிக்கெட்டில் அழைத்துப்போனேன். உன் அப்பாவும் நானும் முப்பது வருஷம் சாய்ந்து நின்று பார்த்த நடுக் கம்பி, அவர் போன பிறகும் நான் அங்கேதான் நிற்கிறேன். உள்ளே நுழைந்ததும் கம்பியில் மஃப்ளரைக் கட்டிவிட்டால் அந்த இடம் நமக்கு, வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு மணியடிக்கும்போது வந்தால் போதும், ஒருவரும் தொட மாட்டார்கள். இது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்து நான் சம்பந்தியம்மாவிடம் சொல்லவே இல்லை, என் தப்புதான். நான் சாசேஜ் வாங்கப் போயிருந்தேன். அவர் பார்த்தார், ஐயோ பாவம், இத்தனை பேர் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று பத்தொன்பது மஃப்ளரையும் அவிழ்த்து, அழகாக மடித்து, வாசலில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டார். நான் கட்டியதைக்கூட வெக்கைக்காகக் கழற்றினேன் என்று நினைத்தாராம்.

திரும்பி வந்தால் சந்தைக்கடை சத்தம். எவருக்கும் எது தன் இடம் என்று தெரியவில்லை, ஆளுக்கு ஆள் முண்டுகிறார்கள். எப்போதும் என் பக்கத்தில் நிற்கும் கிழவர் ஸாவடில், "எந்தப் புண்ணியவதி பண்ண வேலை இது? எம் பொண்டாட்டிகூட இப்படி மடிச்சதில்ல" என்று குதித்தார். சம்பந்தியம்மா முகம் சுண்டிப்போய், கன்னியாஸ்திரிகளிடம் கற்ற ஜெர்மனில், "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விளக்கு அணைந்தபோது எங்களுக்குக் கிடைத்தது தூணோரம், பாதி மேடை தெரியவில்லை. அப்பாவின் இடம் போயிற்றே என்று அழுகை வந்துவிட்டது எனக்கு. சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு பாட்டு தொடங்கியது, ரோஸ்வித்தா, நடுக் கம்பியில் கேட்டது போலவேதான் கேட்டது. இடைவேளையில் ஸாவடில் மனசு இளகி, "வாங்கம்மா, ஒங்க எடத்த புடிச்சு வச்சிருக்கேன்" என்று கூப்பிட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விமான நிலையத்திலும் உன் மாமியாரிடம் நான் பதில் சொல்லவில்லை, உனக்கு நானே எழுத வேண்டும் என்றிருந்தேன். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, மாப்பிள்ளையோடும் பிள்ளையோடும் நீ நீடூழி வாழ வேண்டும். சத்து மாத்திரையை மறக்காதே, கனமானதைத் தூக்காதே. டிசம்பர் முதல் வாரத்துக்கு எனக்கு டிக்கெட் போடு, திரும்பும் தேதியை மட்டும் இப்போது குறிக்க வேண்டாம்.

உன் அம்மா,
ஹெர்மினே