கண்ணாடியில் கறை

மார்ச் 3

புது வண்டி வந்து நான்காம் நாள். சுங்கச்சாவடி டேக்கை முன்கண்ணாடியில் ஒட்டச் சொல்லி ஷோரூம்காரன் உயிரை வாங்கினான். கண்ணாடிக் கடை வைத்திருக்கிற எனக்கே பாடம். ஒருமுறை ஒட்டினால் அந்தப் பசைக்கறை ஜென்மத்துக்கும் போகாது. முன்பெட்டியில் போட்டுவிட்டேன். கேட் வந்ததும் "தூக்கு" என்பேன், பக்கத்தில் இருக்கிற அவள் எடுத்துத் தூக்கிக் காட்டுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவளால் உருப்படியாக ஒரு உபயோகம்.

மார்ச் 9

கடை பக்கத்து ஊரில். டேக் தூக்க அவளையும் கூட்டிப்போகிறேன். போகிற வழியில் இரண்டு கேட். பெல்ட் போட்டிருந்தால் அவள் கைக்குக் கண்ணாடி எட்டுவதில்லை, கழற்றிவிட்டுத்தான் முன்னால் சாய்கிறாள்.

"ஒட்டிட்டாத்தான் என்னங்க?" என்றாள்.

"உன் மூஞ்சிய ஒட்டிக்கோ."

பின்சீட்டில் மகள் சிரித்தாள். கொஞ்சம் கழித்து அவளும் சிரித்தாள்.

மார்ச் 17

டேக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தொலைத்தாள். கேட் திறக்கவில்லை. பின்னால் ஒரே ஹாரன். சாவடி ஊழியர் எழுந்து வந்தார்.

"கையில பிடிச்சா மெஷின் சில நேரம் எடுக்காது சார். ஒட்டிருங்க. கேட்டுக்கிட்ட மெதுவா வாங்க. அக்காவ பெல்ட் போடச் சொல்லுங்க."

அக்காவாம். ஒரு அட்டையை எப்படிப் பிடிப்பது என்று வீடு வரை அவளுக்கு வகுப்பெடுத்தேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள், கல்லுளிமங்கி.

ஏப்ரல் 2

இப்போதெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே தூக்கிவிடுகிறாள்.

ஏப்ரல் 11

கண்ணாடி போயிற்று.

கேட் திறந்துவிடும் என்று வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் விரல் டேக்கை மறைத்திருக்கிறது. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன். அவள் அப்படியே போய் முட்டினாள். நெற்றி பட்ட இடத்திலிருந்து ஓரம் வரை விரிசல். கம்பெனிக் கண்ணாடி, இரண்டு மாசம்கூட ஆகவில்லை.

அவளுக்கு நெற்றியில் தையல், தோளும் மணிக்கட்டும் உடைந்திருக்கின்றன. "பெல்ட் போடலையா?" என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "மறந்துட்டேன்" என்றாள்.

நல்லவேளை.

ஏப்ரல் 12

என் தப்பா இது? ஒழுங்கா பிடிச்சிருந்தா நடந்திருக்குமா? ஒரு அட்டைதானே — அதக்கூட பிடிக்கத் தெரியாதவள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

மே 6

புதுக் கண்ணாடியை என் கையாலேயே பொருத்தினேன். ஒரு புள்ளி கறை இல்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. தலை வாரிவிடச் சொன்னாள். மகளிடம் கேள் என்றேன்.

மே 20

பள்ளி லீவு. மகளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒன்பது வயதுதான், ஆனால் அம்மாவைவிடக் கெட்டிக்காரி. கேட் தெரிந்ததுமே "பெல்ட்டக் கழட்டட்டாப்பா?" என்று அவளே கேட்டாள். "தூக்கு" என்றதும் இரண்டு கையாலும் தூக்கினாள். முதல் தடவையிலேயே திறந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு எழுந்து போனாள்.

மே 21

காலையில் வண்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் டேக். இடது கையால் ஒட்டியிருக்கிறாள், ஒரே கோணல். ஓரத்தில் அவள் கட்டைவிரல் ரேகை. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.

வீட்டில் இருவரும் இல்லை. பீரோ பாதி காலி. போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா பேச மாட்டாங்களாம்."

"நீ ஏன் கூடப் போன?"

"அம்மாவால பெட்டியத் தூக்க முடியலப்பா. நான்தான் தூக்குனேன்."

கடைக்குக் கிளம்பினேன். மெதுவாகத்தான் போனேன். கேட் தானாகத் திறந்தது. அதற்குள் என் வாய் "தூக்கு" என்றுவிட்டது.