மூன்றாவது பாட்டில் ஒரு பிழை

மார்ச் 4

மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "உங்க தங்கச்சி பாட்டு கேட்டேன்மா. அப்பப்பா! நீங்க குடுத்து வச்சவங்க" என்றார். நான் என்னத்தைக் கொடுத்து வைத்தேன்? இருமல் எனக்கு, பாட்டு அவளுக்கு.

தங்கை குட்டியின் பாட்டுத் தொகுப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கவிஞர் அந்தக் காலப் படங்களுக்கு எழுதிய பாட்டுகளில் பத்தை எடுத்துப் புதிதாகப் பாடி, அட்டையில் 'கவிஞருக்கு' என்று போட்டிருக்கிறாள். அவர் போன பிறகு, ஞாயிறுதோறும் வானொலியில் அவர் பாட்டைப் பற்றிப் பேசிப் பேசி ஊர் மறக்காமல் பார்த்துக்கொண்டது யார்? நான். கவிஞர் பாட்டில் சந்தேகம் என்றால் எனக்குத்தான் போன் வரும். இப்போதும் வருகிறது. தங்கச்சி அடுத்து எங்கே பாடுறாங்க என்று கேட்டு.

மார்ச் 5

இன்னும் கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை.

மார்ச் 7

வீட்டில் விட்டால்தானே. மகள் குளியலறையில் சித்தி மாதிரியே இழுக்கிறாள். இவர் லிஃப்ட் பழுதுபார்க்கக் கிளம்பும்போது, ஸ்பேனரைப் பையில் போட்டபடி அதே மெட்டை விசிலடிக்கிறார்.

"என்ன, வயித்துல புகையுதா?"

"அடுப்புல பால் தீயுது."

"அடுப்பே பத்த வைக்கலையேம்மா."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு ஒரு பொய்கூட நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 9

மேலாளர் கூப்பிட்டார். "இந்த ஞாயிறு உங்க தங்கச்சிதான் விருந்தினர். அக்காவே பேட்டி எடுத்தா நல்லா இருக்கும். நேரடி ஒலிபரப்பு. நாலு வார்த்தை பாராட்டிட்டு ஆரம்பிங்க."

சரி சார் என்றேன். வேறு என்ன சொல்ல? பேசுற குரலுக்கு நான், பாடுற குரலுக்கு அவள் என்று எப்போதோ பிரித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 10

பாராட்ட வேண்டுமானால் கேட்டாக வேண்டுமே. அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நன்றாக இருக்கிறது. எழுதும்போதே கை வலிக்கிறது. நன்றாக இருக்கிறது. கவிஞர் பாட்டு என்றால் எல்லோரும் தேனை ஊற்றிப் பாடுவார்கள். இவள் ஊற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி பாடுகிறாள். பெரிய வாத்தியக் கூட்டம் கிடையாது, ஒரு வயலின், ஒரு கிதார். மூச்சு வாங்குவதைக்கூட மறைக்கவில்லை. 'போய் வா' என்று அவர் எழுதிய சாதாரண இரண்டு சொல்லை, போகாதே என்று கேட்கிற மாதிரி அவளால் சொல்ல முடிகிறது. எப்படி? ஒரே வீட்டில், ஒரே சோற்றைத்தானே தின்றோம்?

பிறகு மூன்றாவது பாட்டு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

'நீ வரும் வழியில் நிழலாகிக் கிடப்பேன்' என்பது கவிஞர் வரி. குட்டி 'நீ வரும் வரையில்' என்று பாடுகிறாள். பழைய இசைத்தட்டைப் போட்டும் பார்த்துவிட்டேன். வழியில்தான்! சந்தேகமே இல்லை!

வெகு நாளைக்குப் பிறகு இன்று நன்றாகப் பசித்தது.

மார்ச் 12

இவரிடம் சொன்னேன். "ஒரு வார்த்தைக்காடி இவ்வளவு சந்தோஷம்?" என்றார். ஒரு வார்த்தையா! வழியில் கிடக்கிற நிழல் வருகிறவனுக்குக் குளிர்ச்சி. வரையில் என்றால், அவன் வந்ததும் நிழலே இல்லை. அர்த்தமே கவிழ்ந்துவிட்டது. விசிலடிக்கிற ஆளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது.

மார்ச் 14

கேள்வியைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். சிரிக்காமல் கேட்க வேண்டும்.

மார்ச் 15

குட்டி வந்தாள். மொத்த அலுவலகமும் வாசலில் நின்றது. எங்கள் ஒலிப்பதிவாளரை 'சைலன்ஸ்' என்றுதான் கூப்பிடுவோம். எல்லோரையும் அதட்டி வாயை மூட வைக்கிற அந்த ஆளே அவளிடம் வாயெல்லாம் பல்லாகப் பேசுகிறார். எனக்கு ஒரு வணக்கம் கிடையாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதி வைத்த பாராட்டைப் படித்தேன். மூன்றாவது பாட்டைப் போட்டோம். முடிந்ததும் தேனாகக் கேட்டேன்: "கவிஞர் 'வழியில்'னுதான் எழுதியிருக்கார். நீங்க 'வரையில்'னு மாத்திப் பாடியிருக்கீங்களே, ஏன்?"

அவள் முகம் வெளுத்துப் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைலன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளே — ஆமாம், இனித்தது.

"மாத்தினேனா?" என்றாள். பிறகு, "அய்யோ அக்கா, நீ அப்படித்தானே பாடுவே" என்றாள்.

"நானா?"

"சின்ன வயசுல. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் தூங்கணும்னு நீ பாடுவியே. நான் அந்தப் படத்தையே பார்த்ததில்லை. பழைய இசைத்தட்டையும் கேட்கலை. கேட்டா அதுல பாடின அம்மாவோட பாணி தொத்திக்கும்னு பயம். பத்துப் பாட்டும் நீ பாடினதை ஞாபகம் வச்சுத்தான் பாடினேன்."

நேரடி ஒலிபரப்பு. வெட்ட முடியாது. அடுத்த கேள்வி தாளில் இருந்தது. எழுத்துத் தெரியவில்லை. சைலன்ஸே தானாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்.

வேலைக்கு வந்த புதிதில் அச்சில் பார்த்து நான் திருத்திக்கொண்டேன் போல. அவளிடம் சொல்லத் தோன்றவில்லையே. அவள் தூங்குகிறாள் என்றல்லவா நினைத்தேன்.

மார்ச் 16

நல்லா மாட்டி விடலாம்னு பார்த்தேன். என்னடி ஆச்சு உனக்கு? அவளைப் பிடிக்கப் போய், உன் கழுத்தையே பிடிச்சுக்கிட்டியே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நேயர்கள் ஓயாமல் போன் செய்கிறார்கள். எல்லோருக்கும் மனசு உருகிவிட்டதாம்.

மார்ச் 22

குட்டி வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருந்த ஆரஞ்சை உரித்துத் தின்றபடியே, "அடுத்த மாசம் மேடைக் கச்சேரி. மூணாவது பாட்டை நீ என்கூடப் பாடு" என்றாள்.

"நான் பாடி எத்தனை காலமாச்சு. பரிதாபப்பட்டு எனக்கு ஒண்ணும் போட வேண்டாம்."

"பரிதாபமா? அந்த ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் என் உயிரை வாங்கினியே, அப்போ எனக்கு யார் பரிதாபப்பட்டா?"

நான் வேண்டுமென்றேதான் கேட்டேன் என்று தெரிந்தே வந்திருக்கிறாள். எனக்குக் காது சுட்டது. அவளோ விதையைத் துப்பிவிட்டு, "வழியிலா, வரையிலா? அதையும் நீயே சொல்லு" என்றாள்.

"வழியில். கவிஞர் எழுதினதுதான்."

"அப்போ இனிமே வழியில்" என்று அங்கேயே பாடிக் காட்டினாள். எத்தனை வருஷப் பழக்கம், ஒரே தடவையில் மாற்றிவிட்டாள். அதையும் அழகாகப் பாடித் தொலைத்தாள்.

ஏப்ரல் 11

ஒத்திகை. முதல் வரியில் எனக்குக் குரல் உடைந்தது. அவள் கிதார்க்காரரை நிறுத்தச் சொல்லி, சுருதியைக் கீழே இறக்க வைத்தாள். தனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் கட்டவில்லை. இரண்டாவது முறை கடைசி வரை பாடிவிட்டேன்.

மைக் வைக்கிறவரிடம் என்னுடையதை அவளுடையதைவிட ஒரு விரற்கடை உயர்த்தச் சொன்னேன். அவள் பார்த்தாள், சிரித்தாள், "இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா" என்றாள்.

அதற்கும் எரிகிறது. நாளையும் ஒத்திகை. சீக்கிரம் போக வேண்டும்.