கம்ப்ரசர் மேல் போட்ட பழி

அன்புள்ள மகன் யோகேந்திரனுக்கு,

குருண் ஊரிலிருந்து அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பு கொடுக்கிற அளவுக்கு நலமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுதாகப் படி.

நம் கார் ஏர்கோன் கதை உனக்குத் தெரியும். கிளம்பி அரை மணி நேரம் ஜில்லென்று வரும், பிறகு காற்று மெலிந்து மெலிந்து நின்றே போகும். ராமையா தன் பட்டறையில் இரண்டு தடவை கேஸ் நிரப்பினான். மூன்றாம் தடவை பானெட்டைக்கூடத் திறக்காமல், "கம்ப்ரசர் போச்சு லா அக்கா, புதுசு போடணும்" என்றான். கூட வந்த உன் சித்தப்பா மனோகரன் உடனே, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தலையாட்டினார். சைக்கிள் செயினைக்கூட மாட்டத் தெரியாதவர். காரை நிறுத்தியதும் அடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஒழுகுகிறதே, அது ஏன் என்று கேட்டேன். "அண்ணி, நீங்க போயி உக்காருங்க, இது ஆம்பளைங்க பாக்குற வேலை" என்றார். ராமையா சிரித்தான். இன்ஜினியர் படித்த நீயும் வீடியோவில் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர்தான்மா, மாத்திடுங்க" என்றாய். மூன்று பேரில் ஒருவராவது அந்தத் தண்ணீரை யோசித்துப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சுங்கை பட்டாணியில் அப்பாவுக்கு டயாலிசிஸ் முடித்து நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஹைவேயில் லாரி கவிழ்ந்து ஜாம், நட்ட நடு மத்தியானம், ஏர்கோன் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா தலை தொங்கிக் கிடக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. கண்ணாடிகளை இறக்கி, முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தைத் தட்டித் தட்டி, கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. உனக்கு அன்றைக்கே சொல்லவேண்டாம் என்று அவர்தான் தடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவரைக் காற்றாடிக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு, நானே பானெட்டைத் திறந்தேன். ஏர்கோன் குழாய் முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. செத்துப்போன கம்ப்ரசர் ஐஸ் கட்டுமா? குளிர் போதாமல் இல்லை, மிஞ்சிப்போய்த்தான் உள்ளே ஐஸ் அடைத்துக் காற்று வராமல் நிற்கிறது, நிறுத்தினால் உருகி ஒழுகுகிறது. போதும் நில் என்று கம்ப்ரசருக்குச் சொல்லவேண்டிய சென்சார் வாயைத் திறக்கவில்லை. இருபத்தொரு வருஷம் இங்கே தொழிற்சாலையில் அந்த மாதிரி சென்சார்களை மீட்டர் வைத்துச் சோதித்தவள் நான், என்னைப் போய் உட்காரச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் காருக்குள்ளே முன் சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் இருக்கும் பெட்டியைக் கழற்றினேன். அப்பா போன் வெளிச்சம் பிடித்தார், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. அதற்குப் பின்னால்தான் இருந்தது, பேனா மூடி அளவு சென்சார். மீட்டரில் மாட்டி ஐஸ் தண்ணீரில் விட்டேன், பிறகு சுடுதண்ணீரில் விட்டேன். குளிரில் மீட்டர் காட்டும் மின்தடை எண் ஏறவேண்டும், சூட்டில் இறங்கவேண்டும், அது கல்லாட்டம் ஒரே எண்ணில் நின்றது. புதிது வாங்கி, அதையும் சோதித்துப் பார்த்தே மாட்டினேன். அன்றிலிருந்து ஏர்கோன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ராமையாவிடம் பழையதைக் காட்டினேன். "சென்சார் சில நேரம் அப்படித்தான் லா" என்றான், கொஞ்சம்கூட வெட்கமில்லை.

உன் சித்தப்பா அதற்கும் மேல். பாலிங்கில் ஒரு கல்யாணத்தில், தான்தான் கோளாறைக் கண்டுபிடித்ததாக நாலு பேரிடம் அளந்துகொண்டிருந்தார். "கார் வெளியேதான் நிக்குது தம்பி, அந்த சென்சார் எங்க இருக்குன்னு இவங்களுக்குக் காட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தேன். மனிதர் நேரே போய் பானெட்டைத் திறந்தார். அங்கேயே வேர்க்க வேர்க்கத் தேடட்டும் என்று நான் அப்பாவோடு சாப்பிடப் போய்விட்டேன்.

இப்போது டயாலிசிஸ் முடிந்து வரும் வழியெல்லாம் அப்பா தூங்குகிறார். போன வாரம், "குளிருது, ஏர்கோனைக் குறை" என்றார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அன்றைக்கு இருபது நிமிஷம் வீடியோவில் பேசினாய், இருபது நிமிஷமும் கார்தான். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் நாள், சாயங்காலம் அப்பா வீட்டில் படுத்திருப்பார், அப்போது கூப்பிடு. காரைப் பற்றிக் கேட்காதே, கார் நன்றாக இருக்கிறது.

உன் அம்மா,
பிரேமாவதி மணியம்